ஆடிட்டை அணைத்துவிட்டு வேலை பார்த்தவர்கள்: 2020 சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

விண்டோஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் ‘ஆடிட்பால்’ தெரிந்திருக்கும். கமாண்ட் விண்டோவில் தட்டி ஓட்டும் சின்னக் கருவி அது. இந்தக் கணினியில் எதெல்லாம் பாதுகாப்பு லாகில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், எழுதப்படுகிறது (இதற்குத்தான் ஆடிட் என்று பெயர்) என்று அதைக் கேட்கலாம், மாற்றவும் செய்யலாம். சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் குறித்து 2021 ஜனவரி 20 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நீண்ட அறிக்கையில் இந்தக் கருவி ஒரு சிறு பத்தியில் வந்துபோகிறது. ஊடுருவியவர்கள் ஒரு கணினியில் நீண்ட நேரம் கைவைத்து வேலை பார்ப்பதற்கு முன் ஆடிட்பாலை ஓட்டினார்கள். எந்த நிரல் ஓடியது என்பது போன்றவற்றைப் பதியும் ‘டீட்டெய்ல்டு டிராக்கிங்’ என்ற பிரிவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேட்டார்கள். அப்புறம் அந்தப் பிரிவை, வெற்றி தோல்வி இரண்டுக்கும் சேர்த்து, அணைத்தார்கள். தங்கள் வேலையைச் செய்தார்கள். கிளம்பும்போது மறுபடியும் ஆன் செய்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். லாகை அழித்துவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். இவர்கள் அழிக்கவில்லை. மறுநாள் காலை அட்மின் வந்து பார்த்தால் ஆடிட் ஆனில்தான் இருக்கும், லாகும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் எழுதப்பட்டிருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இந்த ஆய்வு: அது எதை மறைத்தது, எதை மறைக்க முடியவில்லை, அதே கமாண்டை டொமைன் கன்ட்ரோலரில் (நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிக்கும் சர்வரில்) ஓட்டினால் என்ன ஆகும்.

பின்னணி

சோலார்விண்ட்ஸ் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள நிறுவனம். அதன் ஓரையான் மென்பொருள் நெட்வொர்க்கில் எந்தச் சர்வர் உயிரோடு இருக்கிறது, எந்த லிங்க் விழுந்துவிட்டது என்று கண்காணிக்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய மென்பொருள் என்பதால் அதற்கு எல்லா இடத்துக்கும் அனுமதி இருக்கும். ஊடுருவியவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதேதான்.

2019 செப்டம்பரிலேயே அவர்கள் சோலார்விண்ட்ஸ் உள்ளே வந்துவிட்டார்கள். முதலில் தீங்கில்லாத சோதனைக் குறியீட்டைச் சேர்த்து, அது வாடிக்கையாளர் வரை போகிறதா என்று பார்த்தார்கள். 2020 பிப்ரவரியில் ரகசியமாக உள்ளே வர வழிவிடும் உண்மையான பின்கதவைத் தயாரித்தார்கள். மார்ச் 26 முதல் அது கையொப்பமிட்ட, முறையான அப்டேட்டாகவே வாடிக்கையாளர்களுக்குப் போனது. ஜூன் மாதம் தங்கள் கருவியை சோலார்விண்ட்ஸின் பில்டு கணினிகளிலிருந்து (மென்பொருளைத் தொகுக்கும் கணினிகள்) தாங்களே எடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டை இறக்கியிருக்கலாம் என்று நிறுவனம் சொன்னது. அவர்களில் உண்மையில் உள்ளே புகுந்து வேலை பார்த்தது மிகச் சில இடங்களில்தான். 9 அமெரிக்க அரசுத் துறைகள், சுமார் 100 தனியார் நிறுவனங்கள் என்று 2021 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை கணக்குச் சொன்னது. ஏப்ரல் 15-ஆம் தேதி, இது ரஷ்யாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான எஸ்விஆரின் வேலை என்று அமெரிக்க அரசு முறைப்படி அறிவித்தது.

சன்பர்ஸ்ட் என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தப் பின்கதவின் பொறுமையைச் சொல்லியாக வேண்டும். நிறுவப்பட்ட பின் 12 முதல் 14 நாள்வரை அது எதுவுமே செய்யாது. அதற்கப்புறமும், தான் இருக்கும் கணினி ஒரு டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் நிறுவனக் கணினிகளின் தொகுப்பில்) சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். சேர்ந்திருக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். டைரக்டரி, அதாவது நிறுவனத்தின் பயனர்கள், கணினிகளின் பட்டியல், இல்லாத தனிக் கணினியால் அவர்களுக்குப் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாதுகாப்பு மென்பொருள்களைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடும். சிலவற்றைக் கண்டால் விலகிப்போகும். பின்னணியில் ஓடும் சில பாதுகாப்பு சர்வீஸ்களுக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘தொடங்காதே’ என்று பொருள்படும் 4 என்ற எண்ணை எழுதிவிட்டு, அவை அணையும்வரை காத்திருக்கும். அதாவது, மனிதக் கை கணினியைத் தொடுவதற்கு முன்பே, கண்களை மூடும் வேலையைப் பின்கதவு தொடங்கிவிடும்.

அணைத்தது எதை?

விண்டோஸ் 2000 காலத்தில் ஆடிட் பாலிசிக்கு 9 பிரிவுகள் இருந்தன. அவற்றை ஆன் செய்தால் முழுப் பிரிவும் ஆன், ஆஃப் செய்தால் முழுப் பிரிவும் ஆஃப். சர்வர் 2008-இல் அவை துணைப்பிரிவுகளாக உடைந்தன. இன்று 50-க்கும் மேற்பட்ட துணைப்பிரிவுகள் உள்ளன. டீட்டெய்ல்டு டிராக்கிங் பிரிவுக்குள் வருபவற்றில் முக்கியமானது ப்ராசஸ் கிரியேஷன். ஒரு நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் 4688 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும்: யார் தொடங்கினார், எந்த நிரல், அதன் தாய் நிரல் எது. சர்வர் 2012 ஆர்2 முதல், தனியாக ஒரு அமைப்பை ஆன் செய்தால், தட்டிய கமாண்ட் வரி முழுவதும் அதில் சேரும்.

ஊடுருவல் விசாரணையில் 4688-க்கு ஈடான பதிவு குறைவு. உள்நுழைவுப் பதிவைப் பார்த்தால் ஒருவர் கதவைத் திறந்தார் என்பது மட்டும் தெரியும். 4688-ஐப் பார்த்தால் உள்ளே போய் எந்த அலமாரியைத் திறந்தார் என்றும் தெரிந்துவிடும். இந்தக் குழு ஏடிஃபைண்ட் என்ற டைரக்டரி தேடல் கருவியைப் பெயர் மாற்றி, அந்த இடத்தில் இருந்தால் யாரும் சந்தேகப்படாத பெயர்களில் ஓட்டியது. விண்டோஸின் சொந்த நிரல்களின் பெயர்களையும் வைத்தது. 4688-ம் கமாண்ட் வரி அமைப்பும் ஆனில் இருந்திருந்தால் அந்தப் பெயரும், அதன் பின்னால் நீண்ட தேடல் வரியும் பதிவாகியிருக்கும். நிரலின் பெயரை மாற்றலாம், தேடல் வரியை மாற்றுவது கடினம். அதனால்தான் அணைப்பதற்கு அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இதே ஒழுக்கம் மற்ற இடங்களிலும் தெரிகிறது. டைரக்டரியை நோக்கி அடுத்தடுத்துத் தேடல்கள் அனுப்பினால் நெட்வொர்க்கில் சத்தம் எழும் என்று, அதற்கு முன் சில நெறிமுறைகளின் வெளியேறும் பாக்கெட்டுகளைக் குறைக்கும் ஃபயர்வால் விதிகளைப் போட்டார்கள். தேடல் முடிந்ததும் அவற்றை நீக்கினார்கள். வேறொரு கணினிக்குத் தாவுவதற்கு முன், அங்கே என்னென்ன சர்வீஸ் ஓடுகிறது என்று தூரத்திலிருந்தே பார்த்து, பாதுகாப்பு சர்வீஸை நிறுத்திய பிறகே தாவினார்கள். கருவிக் கோப்புகளின் தேதிகளை மாற்றினார்கள். ஒவ்வொன்றிலும் அதே வரிசை: முதலில் பார், அணை, வேலை செய், பழையபடி வை.

அணைத்தபோது எழுந்த சத்தம்

ஆடிட் பாலிசியை மாற்றினால் 4719 என்ற பதிவு விழும். ‘ஆடிட் பாலிசி சேஞ்ச்’ என்ற துணைப்பிரிவையே யாராவது அணைத்து வைத்திருந்தாலும் 4719 விழும். அதை அணைக்கும் அமைப்பு விண்டோஸில் கிடையாது. லாகை முழுவதும் துடைத்தால் விழும் 1102-ம் இப்படித்தான்.

டீட்டெய்ல்டு டிராக்கிங் பிரிவை ஒரே கமாண்டில் அணைத்தால், மாறிய துணைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 4719 வரும். ஒரே நொடியில் வரிசையாக ‘வெற்றிப் பதிவு நீக்கப்பட்டது’ என்று நிற்கும். திரும்ப ஆன் செய்யும்போது இன்னொரு வரிசை, ‘சேர்க்கப்பட்டது’ என்று. இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள நேரம்தான் அவர்கள் வேலை பார்த்த நேரம். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று விசாரிப்பவர் வேறெங்கும் தேட வேண்டாம். ஆடிட்பாலை நேரடியாக ஓட்டியிருந்தால் எந்த கணக்கின் பெயரில் ஓட்டினார்கள் என்பதும் அதிலேயே இருக்கும்.

இன்னும் ஒன்று. ஆடிட்பால் என்பதும் ஒரு நிரல்தான். அணைக்கச் சொல்லி அதை ஓட்டும்போது, அது தொடங்கும் கணத்தில் ஆடிட் இன்னும் ஆனில்தான் இருக்கிறது. எனவே ப்ராசஸ் கிரியேஷன் முன்பே ஆனில் இருந்த கணினியில், அணைக்கும் கமாண்டின் 4688 பதிவாகிவிடும். திரும்ப ஆன் செய்யும் ஆடிட்பாலுக்கு மட்டும் 4688 இருக்காது. ஆக, ஒரு 4688, உடனே 4719 வரிசை, அப்புறம் மௌனம், பிறகு தாய்க்கமாண்ட் இல்லாமல் இன்னொரு 4719 வரிசை. லாகைப் படிக்கப் பழகியவருக்கு இந்த வடிவம் கண்ணில் உறுத்தும்.

மைக்ரோசாஃப்ட் அறிக்கையில் உள்ள கமாண்டை ஊன்றிப் பார்த்தால் வேறொன்றும் புலப்படுகிறது. இது என் சொந்தக் கணிப்பு. திரும்ப ஆன் செய்தபோது முழுப் பிரிவையும், வெற்றி தோல்வி இரண்டையும் சேர்த்து ஆன் செய்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் அந்தப் பிரிவின் எல்லாத் துணைப்பிரிவும் ஆனில் இருப்பதில்லை. ப்ராசஸ் கிரியேஷனின் வெற்றியை மட்டும் பதிவு செய்வதுதான் வழக்கம். அப்படிப்பட்ட கணினியில் இந்தக் கமாண்டை ஓட்டினால், அவர்கள் போன பிறகு முன்பு வராத பதிவுகளெல்லாம் வரத் தொடங்கும். ஆர்பிசி (ஒரு நிரல் இன்னொரு கணினியிலுள்ள நிரலை அழைப்பது) நிகழ்வுகள், டோக்கன் உரிமை (ஒரு நிரலுக்குள்ள அதிகாரம்) மாற்றங்கள் என்று லாக் திடீரென வீங்கும். பழையபடி வைத்துவிட்டதாக நினைத்துப் போனாலும் பழையபடி இருக்காது. லாக் திடீரென மெலிவதைக் கவனிப்பதைப் போலவே, காரணமில்லாமல் கொழுப்பதையும் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்லிவருவது இதனால்தான்.

இவ்வளவு சத்தம் எழும் என்று தெரிந்தும் ஏன் செய்தார்கள்? 4719-ஐ யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கிடைக்கும் ஒரே பதில் இது. ஒரு நாளில் லட்சக்கணக்கான வரிகள் விழும் லாகில் சில 4719-கள் எங்கே தெரியப்போகின்றன! அட்மின்கள் நாமே அவ்வப்போது பாலிசி மாற்றுகிறோம், அப்போதும் அவை வருகின்றன. எண்ணிக்கையை வைத்து எச்சரிக்கும் கருவிகள் இவற்றைக் கடந்துபோய்விடும்.

டொமைன் கன்ட்ரோலரில் இதே கமாண்ட்

டைரக்டரி சர்வரில் அணைப்பதற்கான பொருளே வேறு. சாதாரண சர்வரில் ஆடிட்டை அணைத்தால் அந்த ஒரு கணினியின் கதை போகும். டொமைன் கன்ட்ரோலரில் அணைத்தால் நிறுவனம் முழுவதின் கதை போகும். யார் எந்த குரூப்பில் சேர்க்கப்பட்டார், யாருடைய கடவுச்சொல் மாற்றப்பட்டது, எந்த பாலிசி திருத்தப்பட்டது, எல்லாம் அங்கேதான் எழுதப்படுகிறது.

டைரக்டரி ஆடிட்டில் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று பாலிசி: ‘டைரக்டரி சர்வீஸ் ஆக்செஸ்’, ‘டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸ்’ போன்ற துணைப்பிரிவுகள். இன்னொன்று, டைரக்டரியில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் இருக்கும் கண்காணிப்புப் பட்டியல். இந்தப் பொருளை இன்னார் இப்படித் தொட்டால் எழுது என்று சொல்லும் பட்டியல் அது. இரண்டும் இருந்தால்தான் பதிவு விழும். எனவே அணைக்க நினைப்பவருக்கும் இரண்டு வழி. பாலிசியை அணைத்தால் 4719 சொல்லிவிடும். ஒரே ஒரு பொருளின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்தால் 4719 வராது. டைரக்டரி மாற்றப் பதிவான 5136, அந்தப் பொருளின் பாதுகாப்பு விவரம் மாறியது என்று மட்டும் சொல்லும். அது நீளமான புரியாத எழுத்துச் சரமாக வருவதால் பெரும்பாலோர் திறந்தும் பார்ப்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அதிகக் கவலை தருகிறது.

சோலார்விண்ட்ஸ் நிகழ்வில் இந்தக் கவலைக்கு நேரடித் தொடர்பு உண்டு. அந்தக் குழு தேடிப்போன மிகப் பெரிய பொருள், நிறுவனக் கணக்கை வைத்தே மேகச் சேவைகளுக்குள் நுழைய விடும் ஏடிஎஃப்எஸ் சர்வரின் டோக்கன் கையொப்பச் சான்றிதழ். அது கையில் கிடைத்தால், நிறுவனத்தின் எந்தப் பயனரின் பெயரிலும் தாங்களே உள்நுழைவுச் சீட்டு எழுதி மேகத்தில் உள்ள மின்னஞ்சலுக்குள் போகலாம். கடவுச்சொல்லும் தேவையில்லை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறுக்கே வராது. ‘கோல்டன் சாம்ல்’ என்று 2017-இலேயே பெயரிடப்பட்ட உத்தி இது. அந்தச் சான்றிதழைத் திறக்கும் திறவுகோல் ஆக்டிவ் டைரக்டரிக்குள் (விண்டோஸ் டொமைனின் டைரக்டரி), ஒரு தொடர்பு வகைப் பொருளில் இருக்கிறது. ஒருவரின் சிறு புகைப்படத்தை வைப்பதற்காக உருவான பண்புக்கூறுக்குள் அதை வைத்திருக்கிறார்கள். யாராவது அந்தப் பண்புக்கூறைப் படித்தால் 4662 என்ற பதிவை விழவைக்கலாம். ஆனால் அதற்கு அந்தப் பொருளின் மேல் கண்காணிப்புப் பட்டியல் போட்டிருக்க வேண்டும், டைரக்டரி சர்வீஸ் ஆக்செஸ் ஆனிலும் இருக்க வேண்டும். ஏடிஎஃப்எஸ் வைத்திருக்கும் இடத்தில் இந்த ஒரு பொருளைக் கண்காணிக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு நாளில் அதைப் படிப்பது ஏடிஎஃப்எஸ் சர்வீஸ் கணக்கு மட்டும்தான். வேறு யார் படித்தாலும் உடனே போன் அடிக்க வேண்டிய விஷயம்.

இதே குழு, உயர் அதிகாரம் கொண்ட கணக்குகளை வைத்து டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து டைரக்டரித் தரவைப் பிரதியெடுத்ததும் பதிவாகியுள்ளது. ஒரு டொமைன் கன்ட்ரோலர் இன்னொன்றிடம் ‘மாற்றங்களைக் கொடு’ என்று கேட்பதைப் போலவே கேட்டு, கடவுச்சொல் ஹேஷ்களை (கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவங்களை) வாங்கிக்கொள்வது. டிசிசிங்க் என்று பெயர். இதற்கும் விழுவது 4662-தான். டொமைன் கன்ட்ரோலர் அல்லாத ஒரு கணக்கு பிரதியெடுக்கும் உரிமையைப் பயன்படுத்தியதாக அதில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், கண்காணிப்புப் பட்டியலைத் தாராளமாகப் போட்டுவிட்ட டைரக்டரியில் இந்த 4662 வெள்ளமாக வரும். லாக் சில மணி நேரத்திலேயே சுழன்று பழையதை அழித்துவிடும். டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்பு லாகுக்கு இயல்பாக ஒதுக்கப்படுவது 128 எம்பி. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: அந்த ஆக்செஸ் ஆடிட்டை ஆஃப் பண்ணிடலாமே.

நாமே அணைக்கும்போது

அப்படிச் சொல்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நானும் அணைத்திருக்கிறேன். ‘ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் கனெக்ஷன்’ என்ற துணைப்பிரிவு ஆனில் இருந்தால், ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் 5156 என்று ஒரு வரி விழும். டொமைன் கன்ட்ரோலரில் அது நொடிக்கு எத்தனையோ. உண்மையில் தேவையான பதிவுகள் அந்தக் குப்பைக்குள் புதைந்து, சுழன்று, அழிந்துபோகும். அதை அணைத்தது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். லாக் நிரம்பினால் கணினியை நிறுத்திவிடச் சொல்லும் ஓர் அமைப்பும் உண்டு. அதை ஆன் செய்துவிட்டு, லாக் அளவைக் கவனிக்காமல் விட்ட சர்வர் நடு வேலை நேரத்தில் நீலத் திரையோடு நின்றுவிடும். அந்த அனுபவத்துக்குப் பிறகு ஆடிட் என்றாலே பயப்படுகிற அட்மின்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் எதை அணைத்தோம், யார் சொல்லி, எந்தத் தேதியில் என்று எழுதி வைத்தோமா? அதை எழுதி வைக்காத நிறுவனத்தில் 4719 வந்தால், அது நம் அட்மின் செய்ததா வெளியாள் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குழப்பம் ஊடுருவுபவருக்குப் பெரிய உதவி. டொமைன் கன்ட்ரோலரில் ஆடிட் பாலிசியைக் கையால் ஆடிட்பால் கொண்டு மாற்றவே கூடாது, ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாக மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். குரூப் பாலிசி வழியாக மாறினால் 4719-இல் மாற்றியவராக அந்தக் கணினியின் பெயரே வரும். நேரடியாக ஆடிட்பால் ஓட்டினால் ஒரு மனிதரின் கணக்குப் பெயர் வரும். கையால் மாற்றுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட இடத்தில், மனிதப் பெயரோடு வரும் ஒவ்வொரு 4719-ம் விசாரிக்க வேண்டியதே. அங்கே விதிவிலக்கு கிடையாது, சந்தேகமும் கிடையாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ‘குரூப் பாலிசி இருக்கிறதே, யாராவது அணைத்தாலும் 5 நிமிடத்தில் அதுவே திரும்ப ஆன் செய்துவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். டொமைன் கன்ட்ரோலர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசியைச் சரிபார்ப்பது உண்மை. ஆனால் இயல்பான அமைப்பில் அது பார்ப்பது, பாலிசி கடைசியாகப் பார்த்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்பதை. மாறவில்லை என்றால் மறுபடி எழுதாமல் போய்விடும். கணினியில் உள்ள நிலை பாலிசியோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் மறுபடி எழுது என்று தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

பழைய 9 பிரிவுகளையும் புதிய துணைப்பிரிவுகளையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாலிசிகளில் போட்டு, ஒன்றை ஒன்று அழிக்கவிட்டிருக்கும் டொமைன்களையும் பார்த்திருக்கிறேன். துணைப்பிரிவே மேலோங்கட்டும் என்று சொல்லும் பாதுகாப்பு விருப்பம் ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்ய மறந்தால், பாலிசித் திரையில் எல்லாம் ஆன் என்று இருக்கும், சர்வரில் ஒன்றும் ஆனாகியிருக்காது. திரையை நம்பாமல், சர்வரிலேயே ஆடிட்பாலை ஓட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி. கருவி இரு பக்கமும் உதவும்.

எப்படிப் பிடிபட்டார்கள்?

இவ்வளவு ஒழுங்காக அணைத்து, ஆன் செய்து, துடைத்தவர்கள் பிடிபட்டது ஒரு மிகச் சாதாரணப் பதிவால். ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தில், ஓர் ஊழியரின் பெயரில் இரண்டாவது கைபேசி ஒன்று இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காகப் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்த பாதுகாப்புக் குழுவில் ஒருவர் சும்மா விடவில்லை. அந்த ஊழியரைக் கூப்பிட்டு, இது உங்கள் போனா என்று கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. அங்கிருந்து நூலைப் பிடித்து இழுத்துப் போனதில், 2020 டிசம்பர் 8 அன்று தங்கள் கருவிகள் திருடப்பட்டதை ஃபயர்ஐ அறிவித்தது. டிசம்பர் 13 அன்று ஓரையான் பின்கதவு உலகுக்குத் தெரிந்தது. அன்றே அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, பாதிக்கப்பட்ட ஓரையானை உடனே துண்டிக்கும்படி அரசுத் துறைகளுக்கு அவசர உத்தரவு போட்டது.

ஒரு புதிய போன் பதிவாவது எந்த நிறுவனத்திலும் தினமும் நடப்பது. அதை ஒரு மனிதர் பார்த்தார், இன்னொரு மனிதரைக் கூப்பிட்டுக் கேட்டார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செயல் அந்த ஒரு போன் அழைப்புதான்.

இன்னொரு சம்பவம் இதே குழுவின் பழைய வேலை. வோலெக்சிட்டி என்ற நிறுவனம் ஓர் அமெரிக்கச் சிந்தனைக் குழுமத்தில் இவர்களை மூன்று முறை எதிர்கொண்டது. இரண்டாம் முறை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்த மின்னஞ்சல் பெட்டிக்குள்ளும் அவர்கள் நுழைந்திருந்தார்கள். மின்னஞ்சல் சர்வரின் லாகில் அந்த உள்நுழைவு இருந்தது. சரிபார்ப்பு சர்வரின் லாகில் அந்தக் கணக்குக்கு முயற்சியே நடக்கவில்லை. ஒரு லாகில் இருக்கிறது, அதோடு சேர்ந்து வர வேண்டிய இன்னொன்றில் இல்லை. அந்த இல்லாமைதான் வழி காட்டியது. மின்னஞ்சல் சர்வரிலிருந்த ரகசியத் திறவுகோலைத் திருடி, சரிபார்ப்பு முடிந்ததாகக் காட்டும் குக்கியைத் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள் என்று பின்னர் தெரிந்தது.

அணைக்கும் பழக்கத்தை இந்தக் குழு விடவுமில்லை. 2022 ஆகஸ்டில் மாண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, தாங்கள் குறிவைத்த மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளில், யார் எந்த மின்னஞ்சலைத் திறந்தார் என்று எழுதும் மேம்பட்ட ஆடிட்டை முதலில் அணைத்துவிட்டு, அப்புறம்தான் அஞ்சலைப் படிக்கத் தொடங்கினார்கள். இடம் மாறிவிட்டது, வரிசை மாறவில்லை.

நான் எதைச் செய்ய வைப்பேன்

முதல் வேலை, லாக் அது பிறந்த கணினியிலேயே தங்கக் கூடாது. விண்டோஸிலேயே இருக்கும் ஈவன்ட் ஃபார்வர்டிங் போதும், காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. டொமைன் கன்ட்ரோலரிலிருந்து 4719-ம் 1102-ம் உடனுக்குடன் வேறொரு கணினிக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணினிக்கு டொமைன் அட்மினுக்கும் கை எட்டக் கூடாது. வந்த 4719-ஐ ஒரு மனிதர் பார்க்க வேண்டும். வாரத்துக்குச் சில வந்தால் அதிகம், எனவே முடியாத வேலையில்லை.

இரண்டாவது, மௌனத்தை அளக்க வேண்டும். ஆடிட் பாலிசியைத் தொடாமலேயே லாகை நிறுத்த வழிகள் உண்டு. லாக் சர்வீஸை நிறுத்தலாம், அப்போது பெரும்பாலும் 1100 என்ற பதிவு விழும். மிமிகேட்ஸ் போன்ற ஊடுருவல் கருவியால் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தில் கைவைத்து எழுதாமல் செய்யலாம், அப்போது 4719-ம் வராது. ஆனால் உயிரோடு இருக்கும் டொமைன் கன்ட்ரோலர் ஒரு நிமிடம்கூட கெர்பெரோஸ் டிக்கெட் (உள்நுழைந்தவருக்கு ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரும் அனுமதிச் சீட்டு) பதிவு எழுதாமல் இருக்காது. அந்தப் பதிவான 4769, 10 நிமிடம் வரவில்லை என்றால் எச்சரிக்கை வர வேண்டும்.

ஓடும் நிரல்களைக் கண்காணிக்கும் மைக்ரோசாஃப்ட் கருவியான சிஸ்மான் வைத்திருந்தால் நல்லது. அது தனக்கென்று ஒரு லாகில் எழுதும், ஆடிட்பால் சொல்வதைக் கேட்காது. டீட்டெய்ல்டு டிராக்கிங்கை அணைத்த அந்த நேரத்தில் ஓடிய நிரல்கள் சிஸ்மானில் இருந்திருக்கும். சிஸ்மானை நிறுத்தத் தனி முயற்சி வேண்டும், அது தனிச் சத்தம் எழுப்பும்.

லாகை நிர்வகிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். அட்மின் குழு மட்டும்தான் என்று நினைத்திருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச் நிறுவிய டொமைனில், எக்ஸ்சேஞ்ச் சர்வர்களுக்கும் டொமைன் கன்ட்ரோலரில் அந்த உரிமை கொடுக்கப்பட்டிருக்கும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில் வாதமே வேண்டாம். மார்ச்சில் வந்தவர்களை டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். 30 நாள் லாக் வைத்திருந்த இடங்களில் தொடக்கமே காணாமல் போயிருக்கும். இந்த நிகழ்வுக்குப் பின், 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு 12 மாதம் கைக்கெட்டும் இடத்திலும், இன்னும் 18 மாதம் காப்பகத்திலும் லாகை வைக்கச் சொன்னது. இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு 180 நாள் கேட்கிறது. என்னைக் கேட்டால் டொமைன் கன்ட்ரோலருக்கு 180 நாள் போதாது.

அணைத்த நேரத்தை மீட்பது

கடைசியாக, அணைத்த நேரத்தில் டைரக்டரியில் என்ன மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? ஆடிட் இல்லை, 5136 இல்லை. ஆனால் ஆக்டிவ் டைரக்டரி தன் சொந்த வேலைக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளின் ஒவ்வொரு பண்புக்கூறுக்கும், அது எத்தனையாவது முறை மாறியது, கடைசியாக எந்த டொமைன் கன்ட்ரோலரில் மாறியது, எந்த நொடியில் மாறியது என்ற பிரதியெடுப்பு விவரம் அதனிடம் உண்டு. டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக அது தேவை என்பதால் ஆடிட்பாலால் அதை அணைக்க முடியாது. ரெப்அட்மின் கருவியில் அந்தப் பொருளைக் கேட்டால் பட்டியலாகக் கொடுக்கும். டொமைன் அட்மின்ஸ் போன்ற குரூப்களில், எந்த உறுப்பினர் எந்த நொடியில் சேர்க்கப்பட்டு எப்போது நீக்கப்பட்டார் என்பதும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு 4719 வரிசைகளுக்கு நடுவே உள்ள நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த நேரத்துக்குள் மாறிய பண்புக்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். என்ன மாறியது, எங்கே, எப்போது என்ற மூன்றும் அதில் இருக்கும். மாற்றியவரின் பெயருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. அந்தப் பெயர் எழுதப்பட வேண்டிய இடம் அவர்கள் அணைத்து வைத்த லாக் மட்டும்தான்.